உயர் கணிதம்: வகுப்பில் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை

தேன்மலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு உயர் கணிதத்தை நானே விரும்பித்தான் எடுத்தேன். நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் கணக்கில் நான் தடுமாறியதே இல்லை. இப்போதும் ஆசிரியர் கரும்பலகையில் போடும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. இரவு அதே பாடத்தில் வேறொரு கணக்கை எடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பேன், அப்புறம் விடையைத் திறந்துவிடுவேன். திறந்ததும் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். மறுநாளும் இதே கதைதான்.

குறிப்பாக இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறேன். ஒன்று தொகையிடல், அதாவது வகையிடலைத் தலைகீழாகச் செய்வது. ஒரு கோவை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காணும் வகையிடலில் விதி இருக்கிறது, போட்டால் விடை வருகிறது. தொகையிடலில் எந்த முறையை எடுப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்னொன்று கணிதத் தொகுத்தறிதல், ஒரு கூற்று எல்லா எண்களுக்கும் உண்மை என்று நிரூபிக்கும் முறை. எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோமே, இது எப்படி நிரூபணம் ஆகும்? வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

சாதாரணக் கணிதத்துக்கு மாறிக்கொள்ள இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. மாறிவிடலாமா?

வெள்ளைத்தாள் எழுதியது:

தங்கச்சி, நான் கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் பதிவில் 'அட, இவ்வளவுதானா' என்ற வரியைப் படித்ததும் மூன்று வருடத்துக்கு முந்தைய நான்தான் எழுதியிருக்கிறேனோ என்று இருந்தது.

ஒருவர் போட்ட வழியைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, வழியைத் தேடுவது வேறு வேலை. நீங்கள் நான்கு மாதமாக முதல் வேலையைத்தான் செய்துவந்திருக்கிறீர்கள், அதில் நன்றாகவும் தேறிவிட்டீர்கள். இரண்டாவதற்குப் பழக்கமே கொடுக்கவில்லை. கீழ் வகுப்புகளில் அது தேவைப்படாததால் இந்த இடைவெளி தெரியாமல் போய்விட்டது.

நான் செய்தது இது. ஒரு கணக்குக்கு அரை மணி நேரம். அதுவரை விடைப்பக்கம் மூடியே இருக்கும். அந்த நேரத்தில் சும்மா உற்றுப் பார்க்கக் கூடாது, கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படம் வரைவேன். எழுத்துக்குப் பதில் 1, 2, 3 போட்டுப் பார்ப்பேன். கடைசியில் என்ன வர வேண்டும் என்று எழுதி, அதற்கு முந்தைய வரி என்னவாக இருந்திருக்கும் என்று பின்னால் இருந்து வருவேன். அப்படியும் வரவில்லையென்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுவேன். முழுவதையும் பார்க்கும்படி ஆகிவிட்டால், மறுநாள் வெற்றுத் தாளில் அதே கணக்கை மறுபடி போடுவேன். மறுநாள் போட முடியாத கணக்கு எனக்குத் தெரியாத கணக்கு என்றே கணக்கு வைத்தேன்.

முதல் மூன்று வாரம் ஒரு நாளைக்கு இரண்டு கணக்குகூடத் தேறாது. சகபாடிகள் பக்கம் பக்கமாக முடிப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

கரும்பலகை எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். மாறலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன் அம்மா. முதலில் ஒரு சின்னச் சோதனை. மூன்று கணக்கு தருகிறேன், எதையும் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: 1/(எக்ஸ் + எச்) − 1/எக்ஸ். இதை எச்-ஆல் வகுத்துச் சுருக்குங்கள்.

இரண்டு: √(எக்ஸ் + 6) = எக்ஸ். எக்ஸ் என்ன?

மூன்று: 0 முதல் 2π வரை, இரு முனைகளையும் சேர்த்து, சைன் 2தீட்டா = சைன் தீட்டா என்பதற்கு எத்தனை தீர்வுகள்?

இவற்றில் புதுப் பாடம் அதிகம் இல்லை. ஆனால் உயர் கணிதத்தில் திணறும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும்போது நான் கண்டது, வகையிடலிலும் தொகையிடலிலும் இழந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி உண்மையில் இயற்கணிதத்தில் இழந்தது. பிள்ளைக்குத் தன் தடை தொகையிடல் என்று தோன்றும். போய்ப் பார்த்தால் பின்னத்தைக் கூட்டும் இடத்தில் கை நடுங்கியிருக்கும்.

பழைய தேர்வுத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் அது எந்த வகுப்பில் படித்த விஷயம் என்று எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான். அதை முடித்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

நீலவானம் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. கணக்குக்கு அரை மணி நேரம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தேர்வு அறையில் ஒரு கணக்குக்கு ஆறேழு நிமிடம் கிடைத்தால் அதிகம். நான் முந்தைய ஆண்டு வினாத்தாள்களை வகைவாரியாகப் பிரித்து, வகைக்கு இருபது கணக்கு போட்டேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். விரும்பிய படிப்பில் இடமும் கிடைத்தது. இந்த வயதில் பிள்ளைகளுக்கு வேறு நான்கு பாடங்களும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கரும்பலகை எழுதியது:

நீலவானம், நீங்கள் சொல்வதில் பாதியை மனதார ஏற்கிறேன். வேகம் வேண்டும், அது பயிற்சியில்தான் வரும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது நானும் என் மாணவர்களைக் கடிகாரம் வைத்துத்தான் உட்காரவைப்பேன். ஆனால் வகை பிரித்துப் படித்த பிள்ளைக்கு வகை மாறிய கேள்வி வந்தால் கை நின்றுவிடும். இதை நான் ஒன்றிரண்டு முறை அல்ல, ஆண்டுதோறும் பார்த்தேன். தேன்மலருக்குத் தேர்வு இன்னும் ஒன்றரை ஆண்டு தள்ளி இருக்கிறது. மெதுவாகப் படிக்க முடிகிற காலம் இதுதான்.

மனப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. முக்கோணவியலில் சைன் (ஏ + பி), காஸ் (ஏ + பி) இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். மற்றவற்றை அவற்றிலிருந்து வரவழைக்கப் பழகுங்கள். பி இருக்கும் இடத்தில் ஏ-யைப் போட்டால் இரட்டைக் கோணம் வந்துவிடும். காஸ் 2ஏ-யைத் திருப்பி எழுதினால் காஸ் வர்க்கம் வரும், தொகையிடலில் அது உங்களுக்கு நூறு முறை தேவைப்படும். நாற்பது சூத்திரத்தைத் தனித்தனியாகச் சுமக்கும் பிள்ளை ஒரு குறியை மாற்றிப் போட்டால் அது தப்பு என்று அதற்குத் தெரியவே தெரியாது. வரவழைக்கத் தெரிந்த பிள்ளை இரண்டு வரியில் சரிபார்த்துக்கொள்ளும்.

கீற்று எழுதியது:

தேன்மலரின் தொகுத்தறிதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை தங்கச்சி. அதைக் கேட்காமல் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

'இது எல்லா எண்களுக்கும் உண்மை' என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. 'ஏதோ ஓர் எண்ணுக்கு இது உண்மையாக இருந்தால், அதற்கு அடுத்த எண்ணுக்கும் உண்மையாகியே தீரும்' என்கிற இணைப்பைத்தான் நிறுவுகிறோம். அந்த 'இருந்தால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இணைப்பு மட்டும் கையில் இருந்தால் இன்னும் எதுவுமே உண்மை என்று ஆகிவிடவில்லை. தொடக்க எண்ணுக்குத் தனியாகச் சரிபார்த்த பிறகுதான் அந்த உண்மை ஒவ்வோர் எண்ணாக நகர்ந்து போகும்.

இதை நம்புவதற்கு ஒரு பொய்யான கூற்றைப் போட்டுப் பாருங்கள். 'எந்த எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம்.' கே = கே + 1 என்று வைத்துக்கொண்டு இருபுறமும் 1 கூட்டினால் கே + 1 = கே + 2. ஆக, இணைப்பு அப்பழுக்கில்லாமல் சரியாக வருகிறது! ஆனால் தொடக்கத்தில் 1 = 2 என்று வந்து நிற்கும். அங்கேயே அது விழுந்துவிடும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நிரூபணம் இல்லை என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, நிறைய எண்களுக்குப் போட்டுப் பார்த்தால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-இல் தொடங்கி 39 வரை, நாற்பது முறையும் பகா எண்ணே வரும். 40-ஐப் போட்டால் 1681. அது 41-இன் வர்க்கம். இன்னொன்று, கையால் வரைந்தே பார்க்கலாம். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணையுங்கள், உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, அப்புறம் 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று எழுதக் கை பரபரக்கும். எண்ணிப் பார்த்தால் 31.

ஒரு தந்தை எழுதியது:

என் மகனும் இதே நிலையில்தான் இருக்கிறான். எனக்கோ பத்தாம் வகுப்புக்கு மேல் கணக்கு தெரியாது. நேற்று இரவு நோட்டை மூடிவைத்துவிட்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் முடிந்தது. கணக்கு தெரியாத பெற்றோர் ஏதாவது செய்ய முடியுமா?

வெள்ளைத்தாள் எழுதியது:

ஐயா, நிச்சயமாக முடியும். அவன் அன்று படித்த ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். 'இந்த வரி எப்படி வந்தது?' என்று மட்டும் கேளுங்கள், அதற்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. எனக்கு என் அம்மா இப்படித்தான் உட்கார்ந்தார்கள். எங்கே திக்கினேனோ அங்கேதான் எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டேன். மதிப்பெண் எவ்வளவு என்று அவர்கள் கேட்டதே இல்லை.

தேன்மலர், தொகையிடல் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். வகையிடல் போல அதற்கும் ஒரு விதி இருக்க வேண்டும், தனக்கு மட்டும் அது தெரியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு விதியைப் பள்ளிப் பாடத்தில் யாரும் ஒளித்துவைக்கவில்லை. அங்கே தொகையிடல் என்பது தேடல்தான்.

மூன்று கோவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவது, எக்ஸ் பெருக்கல் ஈ-யின் அடுக்கு எக்ஸ் (ஈ என்பது 2.718... என்ற மாறிலி). இரண்டாவது, எக்ஸ் பெருக்கல் ஈ-யின் அடுக்கு எக்ஸ் வர்க்கம். மூன்றாவது, வெறும் ஈ-யின் அடுக்கு எக்ஸ் வர்க்கம். பார்வைக்கு மூன்றும் உடன்பிறப்புகள். முதலாவதற்குப் பகுதித் தொகையிடல், அதாவது பெருக்கலை இரண்டாகப் பிரித்துத் தொகையிடும் முறை வேண்டும். இரண்டாவதில் அடுக்கில் இருக்கும் எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் 2எக்ஸ், அதன் பாதி வெளியே பெருக்கலில் தயாராக நிற்கிறது, எனவே எக்ஸ் வர்க்கத்துக்குப் பதில் வேறோர் எழுத்தைப் பிரதியிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். மூன்றாவதன் தொகையீட்டை நாம் பள்ளியில் படித்த சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. முடியாது என்பது நிரூபிக்கப்பட்டது, அதற்கான வழியை 1830-களில் உருவாக்கியவர் லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதர். ஒரு எக்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம்!

அதனால் இப்படிப் பழகுங்கள். இருபது தொகையிடல் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றையும் முழுதாகப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த முறை, எதைப் பிரதியிடுவீர்கள், ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். அப்புறம் ஒரு நான்கைப் போட்டுச் சரிபாருங்கள். ஒரு பகுதி இன்னொரு பகுதியின் வகைக்கெழுவாக (வகையிட்டால் வரும் கோவையாக) இருக்கிறதா என்பதுதான் கண் முதலில் தேட வேண்டியது. அந்தக் கண் பழகிவிட்டால் பாதிக் கணக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

பனித்துளி எழுதியது:

நானும் முதல் ஆண்டுதான், இந்த இழையில் நானும் கேட்டுக்கொள்ளலாமா? வகைக்கெழுவை வரையறையிலிருந்து கண்டுபிடிக்கும்போது முதலில் எச்-ஆல் வகுக்கிறோம், அதனால் எச் பூச்சியம் அல்ல. இரண்டு வரி கழித்து எச்-க்குப் பூச்சியம் போடுகிறோம். இது சரியா? அப்புறம் கலப்பெண்கள், −1-இன் வர்க்கமூலத்தை 'ஐ' என்று வைத்துக்கொண்டு எழுதும் எண்கள். இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு எதற்காக ஒரு பாடம் முழுக்கப் படிக்க வேண்டும்?

கீற்று எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்காக உங்களைப் பாராட்டுகிறேன். இதே கேள்வியை 1734-இல் பெர்க்லி என்ற ஆயர் கணிதர்களைப் பார்த்துக் கேட்டார், அவர்களால் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. லைப்னிட்ஸ் என்ற கணிதர் தன் வகையிடல் முறையை வெளியிட்டது 1684-இல். எல்லை என்ற கருத்தைக் கொண்டு கோஷி இதை ஒழுங்குபடுத்தியது 1821-இல். அப்புறம் வயர்ஸ்ட்ராஸ் அதை இன்னும் இறுக்கினார். நடுவில் நூறாண்டுக்கு மேல் பெரிய பெரிய கணிதர்களே விடை சரியாக வருகிறது என்ற துணிவில்தான் பயன்படுத்தினார்கள். அதை ஒரு வாரத்தில் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரு மாணவர் வருந்த வேண்டியதே இல்லை. சுருக்கமாகச் சொன்னால், எச்-க்கு நாம் பூச்சியம் போடுவதே இல்லை. எச் பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கோவை எந்த எண்ணை வேண்டிய அளவுக்கு நெருங்குகிறது என்று கேட்கிறோம். சுருக்கிய பிறகு பூச்சியம் போட்டால் அந்த எண் கிடைத்துவிடுகிறது, அதனால் குறுக்குவழியாக அப்படிச் செய்கிறோம்.

கலப்பெண்கள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எக்ஸ் வர்க்கம் + 1 = 0 என்பதைத் தீர்க்கத்தான் இவை வந்தன என்று பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம். அது உண்மையில்லை. அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். சிக்கல் முப்படிச் சமன்பாட்டில் வந்தது. கார்டானோ என்ற இத்தாலியக் கணிதர் 1545-இல் அதற்கான சூத்திரத்தை அச்சிட்டார். எக்ஸ் கனம் = 15எக்ஸ் + 4 என்பதை எடுங்கள். எக்ஸ் = 4 போட்டால் இருபுறமும் 64. ஆக, கண்ணுக்கு முன்னால் ஒரு விடை இருக்கிறது. சூத்திரத்தில் போட்டால் 2 + √−121, 2 − √−121 இரண்டின் கனமூலங்களைக் கூட்டச் சொல்கிறது! நிஜமான 4-க்குப் போகும் வழி, இல்லாத எண் வழியாகப் போகிறது.

1572-இல் பொம்பெல்லி என்ற இன்னோர் இத்தாலியக் கணிதர், பயப்படாமல் வழக்கமான விதிகளிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். 2 + ஐ என்பதன் கனம் எவ்வளவு? நீங்களே விரியுங்கள், 2 + 11ஐ வரும். 11ஐ என்பது √−121 தானே. ஆக, ஒரு கனமூலம் 2 + ஐ, மற்றது 2 − ஐ. கூட்டினால் ஐ மறைந்து 4 நிற்கிறது. இந்த நான்கு வரியைக் கையால் எழுதிப் பார்த்த பிறகும் இல்லாத எண் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா, பாருங்கள். கற்பனை எண் என்ற பெயர் 1637-இல் டெகார்ட் வைத்தது. அந்தப் பெயரால் எத்தனை மாணவர்கள் இந்தப் பாடத்தை நம்பாமலே படிக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

தூரத்துமலை எழுதியது:

உயர் கணிதத்தைப் பாதியில் விட்டவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, நான் படிக்க விரும்பியது வரலாறு. மாறினேன், இன்றுவரை வருத்தமில்லை. பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல், பொருளாதாரம் என்று போகிறவர்களுக்கு இது கட்டாயம் கைகொடுக்கும். ஆகவே, மதிப்பெண் குறைந்தது என்பதற்காக மட்டும் விடாதீர்கள், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக மட்டும் தொடரவும் வேண்டாம். கணக்கு வந்துவிடும் நாளில் சந்தோஷமாக இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். எனக்கு விடை வந்த நாளிலும் சந்தோஷம் வரவில்லை, அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

தேன்மலர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள், சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

கரும்பலகை ஐயா, உங்கள் மூன்று கணக்கில் முதலாவது மட்டும்தான் சரி. இரண்டாவதில் 3, −2 என்று இரண்டு விடை எழுதினேன். −2-ஐத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் 2 வருகிறது, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தியபோது குறி தொலைந்ததை நான் கவனிக்கவே இல்லை. மூன்றாவதில் இருபுறமும் சைன் தீட்டாவால் வகுத்து, இரண்டு தீர்வு என்று எழுதினேன். மொத்தம் ஐந்து. பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்து மூன்று தீர்வுகளைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

பழைய தேர்வுத்தாளில் 22 தவறுகள் இருந்தன. பக்கத்தில் எழுதிப் பார்த்தால் 14 இயற்கணிதம். புதுப் பாடம் புரியாமல் செய்தது ஐந்துதான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இரண்டு வாரம் பின்னங்கள், காரணிப்படுத்தல், அடுக்கு விதிகள் மட்டும் போட்டேன். அரை மணி நேரம் விடையைப் பார்க்காமல் இருப்பது முதலில் மிகவும் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் தொகுத்தறிதல் பற்றியும் கேட்டுவிட்டேன், இன்னும் மூன்று பேர் தங்களுக்கும் அதே சந்தேகம் என்றார்கள்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஈ-யின் அடுக்கு எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ், இதைத் தொகையிட வேண்டும். பகுதித் தொகையிடல் போட்டேன், காஸ் வந்தது. மறுபடி போட்டேன், தொடங்கிய அதே தொகையீடு திரும்பி வந்துவிட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், திரும்பி வந்தது கழித்தல் குறியோடு வந்திருக்கிறது. அதை இடப்பக்கம் கொண்டுபோனால் இரண்டு மடங்காகிவிடும், இரண்டால் வகுத்தால் முடிந்தது! ஈ-யின் அடுக்கு எக்ஸ் பெருக்கல் (சைன் எக்ஸ் − காஸ் எக்ஸ்), அதில் பாதி, கூட்டல் மாறிலி. வகையிட்டுச் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தூரத்துமலை அக்கா, உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் மாறவில்லை.

கரும்பலகை எழுதியது:

தொடங்கிய இடத்துக்கே இரண்டாம் முறையும் திரும்பி வந்ததை அடித்துவிடாமல் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதற்குத்தான் என் மதிப்பெண் முழுவதும் அம்மா.

அடுத்தது தருகிறேன். சீகன்ட் எக்ஸ் (1/காஸ் எக்ஸ்), அதன் கனம். தொகையிடுங்கள். இதுவும் உங்களைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவரும், ஆனால் கூடவே இன்னொரு தொகையீட்டையும் கூட்டிக்கொண்டு வரும். கனத்தை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பனித்துளியும் முயன்று பார்க்கலாம். யாரும் ஞாயிற்றுக்கிழமை வரை விடையை இங்கே எழுத வேண்டாம்.